செருப்பும் சேர்மானமும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்பாத்து, செருப்பு, தோடு, கைப்பை, மணிக்கூடு, பெல்ட் என்று உடுப்போடு கூட வரும் சாமான்களைப் பற்றிச் சொந்தக்காரரும், கூட வேலை செய்கிறவர்களும், கலியாணத்துக்கு முதல் நாள் இரவு போன் எடுக்கிற தங்கச்சிமாரும் கேட்டவை இவை. நிலாவெளி, மூதூர், கிண்ணியாக்காரருக்கும் பெரும்பாலும் பொருந்தும். எனக்குச் சப்பாத்துப் பைத்தியம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

உடுப்பு நல்லதாக இருந்தால் போதாதா? காலில் கிடப்பதை யார் பார்க்கிறார்கள்?

எல்லாரும் பார்க்கிறார்கள். வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கலியாண மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையில் இருக்கும் மாமிமாரின் கண் போகும் பாதையைக் கவனியுங்கள்: முகம், கழுத்து, சாறிக் கரை, கால்.

கடும்நீலப் பருத்திப் பஞ்சாபி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரப்பர் செருப்போடு அது சந்தைக்குப் போகிற உடுப்பு. தேன்நிறத் தோல் செருப்பும் சின்ன வெள்ளித் தோடும் சேர்ந்தால் அதே உடுப்பில் கந்தோருக்குப் போகலாம். தங்கநிறப் பட்டி வைத்த குதிச்செருப்பு, சிமிக்கி, கையில் ஒரு சின்னப் பை என்று வந்தால் பின்னேரம் பிறந்தநாள் விழாவுக்கும் அதுவே போதும். துணி மாறவில்லை, சேர்மானம்தான் மாறியது. ஒவ்வொரு விழாவுக்கும் புதுச் சாறி எடுக்கிறவர்கள், அந்தக் காசில் பாதியை ஒரு நல்ல சோடி செருப்புக்குப் போட்டிருந்தால் வீட்டில் இருக்கும் நாலு பழைய சாறிகளும் புதிதாகத் தெரிந்திருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது? உடுப்பா, செருப்பா?

இரண்டும் இல்லை. எங்கே நடக்கப் போகிறீர்கள், எங்கே கழற்றப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். சஞ்சிகைகளில் வரும் ஆலோசனைகள் எல்லாம் காலையில் போட்ட சப்பாத்து இரவுவரை காலிலேயே இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் கோயில் வாசல், பள்ளிவாசல், சொந்தக்காரர் வீட்டு வாசல் என்று ஒரு நாளில் எத்தனை தடவை கழற்றுகிறோம்! மூன்று பக்கிள் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு சாறியோடு குனிந்து, பின்னால் ஆட்கள் காத்து நிற்க, ஒவ்வொன்றாக அவிழ்ப்பது அழகான காட்சி இல்லை.

அடுத்தது நிலம். மத்திய வீதிக் கடைகளுக்குள் ஏறி இறங்குவது ஒரு நடை, டச்சுபே மணலில் நடப்பது இன்னொன்று, உவர்மலை ஏற்றம் வேறொன்று. மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று வீசும் காலத்தில் தார் ரோட்டுச் சூடு மெல்லிய அடியைத் தாண்டி உள்ளங்காலுக்கு வரும். ஒக்டோபருக்குப் பிறகு மாரி, தை வரைக்கும் வெள்ளமும் சேறும். ஆகவே முதலில் நிலம், பிறகு வாசல், பிறகு செருப்பு, கடைசியில்தான் உடுப்பின் நிறம். தலைகீழாகத் தோன்றும், ஆனால் இப்படி யோசித்தால் பாதி வழியில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டி வராது.

கோணேசர் கோயிலுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது?

காலை நுழைத்தால் ஏற வேண்டும், உதறினால் கழல வேண்டும். பட்டியில்லாத தட்டைச் செருப்பு, முடிந்தால் பழையது. கோட்டைக்குள்ளால் நடந்து ஏறுகிறவர்களுக்கு வழுக்காத ரப்பர் அடி வேண்டும். மான்களைப் பார்க்க என்று புல்லுக்குள் இறங்குகிற பிள்ளைகள் கூட வந்தால் இன்னும் கட்டாயம். விலை கூடிய சோடியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் மனம் முழுக்க வெளியே நிற்கும். சாமி கும்பிட்ட மாதிரி இருக்காது. சிவராத்திரிச் சனத்தில் சொல்லவே வேண்டாம்.

மத்தியானத்தில் போகாதீர்கள். சுவாமி மலையில் வெயில் ஏறிய நிலத்தில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

செருப்பு இல்லாத இடத்தில் காலே சேர்மானம் ஆகிவிடுகிறது. மெல்லிய கொலுசு, மெட்டி, வெடிப்பில்லாத குதிகால். இரவில் படுக்க முன் குதிகாலில் தேங்காய் எண்ணெய் தேய்க்கிற வேலையை அம்மம்மாமார் காசு செலவில்லாமல் நமக்குச் சொல்லித்தந்தார்கள். இன்னொன்று: குதிச்செருப்புக்கு அளவாகக் கட்டிய சாறி, செருப்பைக் கழற்றியதும் நிலத்தைக் கூட்டும். கோயில் கலியாணம் என்றால் தட்டைச் செருப்புக்கு அளவாகவே உடுத்துங்கள்.

சாறிக்கு எவ்வளவு உயரக் குதி சரி? மண்டபத்தில் ஒன்றாக இருக்கிறது, போட்டோவில் வேறாக இருக்கிறது.

உயரம் ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டரை வரை. அதற்கு மேலே போவது உங்கள் துணிச்சல். போட்டோவில் மாறித் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் குதியின் உயரம் இல்லை, உடுத்த முறை. வெறுங்காலோடு நின்று சாறி உடுத்துவிட்டுக் கடைசியில் செருப்பைப் போட்டால், கரை நிலத்திலிருந்து அந்தக் குதியின் உயரத்துக்கு மேலே ஏறிவிடும். கணுக்கால் தெரியும், கொசுவம் அந்தரத்தில் நிற்கும். விழாவுக்குப் போடப் போகும் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டுதான் கொசுவம் மடிக்க வேண்டும். ‘வீட்டுக்குள்ள செருப்போட நிக்கிறியா?’ என்று அம்மா கேட்டால், பழைய பேப்பரை விரித்து அதன்மேல் நில்லுங்கள். கரை முன்பக்கம் விரல் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி.

குதியின் வடிவம் உயரத்தைவிட முக்கியம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் கடற்கரைப் புல்தரையில் வரவேற்பு வைக்கிறார்கள். அங்கே ஊசிக்குதி போட்டு வருகிறவர் ஒவ்வொரு அடிக்கும் நிலத்தில் புதைகிறார். முழு உடம்புப் பாரமும் ஒரு விரல்நகம் அளவு இடத்தில் இறங்கினால் மண் என்ன செய்யும்? அகலமான பிளொக் குதி போடுங்கள், அல்லது அடி முழுக்க ஒரே கட்டையாக வரும் வெட்ஜ்.

இந்த வெட்ஜ் பஞ்சத்தில் பிறந்தது. 1930களில் இத்தாலி எத்தியோப்பியாமேல் படையெடுத்ததால் பொருளாதாரத் தடை வந்தது. குதியைத் தாங்கப் பாதத்தின் வளைவுக்குள் வைக்கும் நல்ல உருக்குப் பட்டை கிடைக்கவில்லை. புளோரன்ஸில் இருந்த சல்வதோரே ஃபெரகாமோ, தக்கைத் துண்டுகளை ஒட்டிச் செதுக்கிக் குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் இருந்த வெறுமையை அடைத்துவிட்டார். 1938 இல் நடிகை ஜூடி கார்லண்டுக்கு அவர் செய்த வானவில் நிற அடுக்குச் செருப்பு இன்று பார்த்தாலும் புதிதாக இருக்கிறது. தக்கை பாரமில்லாதது, மணலிலும் புதையாது. நம் கடற்கரைக்கு என்றே செய்தது போல!

குதிச்செருப்பு பொம்பிளையளுக்கு மட்டும்தானா? தம்பி கண்ணாடிக்கு முன்னால் என்னுடையதைப் போட்டுப் பார்க்கிறான்.

போடட்டும். குதியை முதலில் போட்டதே ஆண்கள்தான். பாரசீகக் குதிரை வீரர்கள் சேணத்தின் கால்வளையத்தில் பாதம் வழுக்காமல் நிற்கக் குதி வைத்த சப்பாத்துப் போட்டார்கள். 1600 ஐ ஒட்டி அது ஐரோப்பிய ஆண்களிடம் போனது. பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயிக்குச் சிவப்புக் குதி என்றால் உயிர். 1701 இல் இயசிந்த் ரிகோ தீட்டிய ஓவியத்தில் அரசர் காலை நீட்டி அதைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பெண்கள் ஆண்களைப் பார்த்துத்தான் குதியைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

கைப்பையும் செருப்பும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமா?

அது பழைய சட்டம். இப்போது அப்படியே பொருத்தினால் கடையில் செட்டாக வாங்கியது போல இருக்கும். ஒரே நிறம் வேண்டாம், ஒரே குடும்பம் போதும்: தேன்நிறச் செருப்புக்குக் கோப்பிநிறப் பை, சாம்பல் செருப்புக்குக் கறுப்புப் பை. உலோகத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதம். பையின் கொக்கி, செருப்பின் பக்கிள், மணிக்கூடு மூன்றும் தங்கநிறம் அல்லது மூன்றும் வெள்ளிநிறம். யாரும் கவனித்துச் சொல்லமாட்டார்கள், ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது ஒழுங்கு தெரியும்.

நகை கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஒரு ஆளில் ஒரு இடம்தான் சத்தம் போடலாம். சிமிக்கி பெரிது என்றால் கழுத்தில் மெல்லிய சங்கிலி. காப்பு முழங்கைவரை அடுக்கினால் மோதிரம் ஒன்று. செருப்பு கல்லும் மணியுமாக மின்னினால் பை சாதாரணமாக இருக்கட்டும்.

தாலிக்கொடி கழுத்தில் கிடக்கும்போது அதற்கு மேலே பதக்கச் சங்கிலி, அட்டியல், முத்துமாலை எல்லாம் ஏறுவதைப் பார்க்கிறோம். பவுண் விலை போகிற போக்கில், இருப்பதை எல்லாம் ஒரே நாளில் காட்ட ஆசை வருவது நியாயம்தான். ஆனால் எட்டுக் கிராம் ஒரு பவுண் என்று கணக்குப் பார்த்துச் செய்வித்த அந்தத் தடித்த கொடியே போதுமான சத்தம். அதைத் தனியே விட்டால்தான் அதன் வேலைப்பாடு தெரியும். இதில் என் அம்மாவும் நானும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை.

கரை கனத்த காஞ்சிபுரத்துக்குச் செருப்பு அடக்கமாக, தோல்நிறத்திலோ மங்கல் தங்கத்திலோ. வெறும் ஒற்றைநிறச் சிபன் சாறிக்குத்தான் வண்ணச் செருப்புக்கு இடமுண்டு: கறுப்புச் சாறிக்கு மாம்பழமஞ்சள், வெள்ளைக்குச் செம்பருத்திச் சிவப்பு. நான் எப்போதும் இந்தப் பக்கம்தான்.

நான் கறுப்பு அபாயாதான் போடுவேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

எல்லாரையும்விட உங்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது. வெளியே தெரிவது ஹிஜாப், பை, செருப்பு, மணிக்கூடு மட்டும் என்னும்போது ஒவ்வொன்றுக்கும் பாரம் கூடுகிறது. கிண்ணியாவில் ஒரு தோழி கறுப்பு அபாயாவுக்குப் பச்சை வெல்வெட் தட்டைச் சப்பாத்துப் போடுவாள், ஹிஜாப் குத்தூசியில் ஒரு பச்சைக் கல். வேறொன்றும் இல்லை. நூறு பேர் நிற்கும் இடத்தில் அவளைத் தெரியும்.

அபாயாவின் கரைக்கும் சாறிச் சட்டம்தான்: தைக்கக் கொடுக்கும்போது போடப்போகும் சப்பாத்தையும் கொண்டுபோங்கள். தட்டைக்குத் தைத்ததைக் குதியோடு போட்டால் குட்டை, மறுபக்கம் என்றால் கரை சேற்றில்.

ஆண்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டீர்களா?

சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்ட்டும் சப்பாத்தும் ஒரே நிறம். ஆண்களுக்கு மட்டும் அந்தப் பழைய சட்டம் இன்னும் செல்லும். சப்பாத்துக்கும் ரவுசருக்கும் நடுவில் வெள்ளை விளையாட்டுச் சொக்ஸ் எட்டிப் பார்க்கக் கூடாது. வேட்டிக்குத் தோல் செருப்பு, சப்பாத்து வேண்டவே வேண்டாம். பட்டுவேட்டி, சால்வை, கீழே ரப்பர் செருப்பு என்று வருகிற மாப்பிள்ளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போட்டோ முழு ஆளையும் எடுக்கிறது.

கோட் சூட்டுக்கு வெள்ளை ஸ்னீக்கர் போடலாமா என்று இளைஞர் கேட்கிறார்கள். தோலாக, சுத்தமாக, எழுத்து இல்லாமல் இருந்தால் போடலாம். சுத்தம் என்றால் சுத்தம். மணிக்கூட்டில் தோல் பட்டி என்றால் சப்பாத்து நிறத்தோடு போகட்டும். நம் வெக்கைக்கு உலோகப் பட்டிதான் வசதி, வேர்வையில் தோல் நாறும்.

கனடாவில் இருந்து சித்தி அனுப்புகிற சப்பாத்து ஒன்றும் அளவு சரிவருவதில்லை. என்ன செய்ய?

சித்தியில் பிழையில்லை. நாம் இங்கே பெரும்பாலும் பிரித்தானிய இலக்கம் சொல்கிறோம், அங்கே கடைகளில் அமெரிக்க இலக்கம். பெண்கள் சப்பாத்தில் அமெரிக்க 7 என்பது பிரித்தானிய 5 அளவில் வரும், ஐரோப்பிய இலக்கத்தில் 38. ஆண்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றுதான் வித்தியாசம். பிரித்தானிய முறையில் ஒவ்வொரு இலக்கமும் அங்குலத்தில் மூன்றில் ஒன்று, ஐரோப்பிய முறையில் சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு. அதனால்தான் இரண்டும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்துவதில்லை, கடைக்குக் கடை அட்டவணை மாறுகிறது.

இலக்கத்தை விடுங்கள். பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், கடதாசியில் நின்று இரண்டு பாதத்தையும் வரையுங்கள். பென்சில் நேராக நிற்கட்டும். நீளத்தையும், விரல்களின் அடியில் உள்ள அகலத்தையும் சென்ரிமீற்றரில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டில் பெரிய காலுக்கே வாங்க வேண்டும். பட்டா செருப்பில் வளர்ந்த நம் கால்கள் முன்பக்கம் அகலம், கூர்மூக்குச் சப்பாத்து என்றால் நீளம் சரியாக இருந்தும் விரல் நசியும். சித்தியிடம் வட்டமூக்கு, சதுரமூக்கு என்று கேளுங்கள்.

அலுமாரியில் புதிதாகவே வைத்திருந்த செருப்பு கலியாணத்தன்று அடி கழன்று விழுந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை, காற்று ஏமாற்றியது. மெத்தென்று, பாரமில்லாமல் இருக்கும் பல அடிகள் பொலியூரத்தேன் என்ற பொருளால் ஆனவை. காற்றில் உள்ள ஈரம் அதன் இரசாயனப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. போட்டாலும் உடையும், போடாவிட்டாலும் உடையும். பொலித்தீன் பையில் கட்டி ஈரத்தை உள்ளே அடைத்து வைத்தால் இன்னும் கெதியாக. கடல் மூன்று பக்கம் இருக்கும் ஊரில் சில வருடங்கள் பெட்டிக்குள் கிடந்த சோடி, வெளியே பளபளப்பாகவே இருக்கும். மண்டப வாசலில் ஐந்தாவது அடியில் கேக் போல உதிரும்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னமே எடுத்து அடியைப் பெருவிரலால் அழுத்துங்கள். ஒட்டுகிறதா, வெடிப்பு இருக்கிறதா, தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டு நடவுங்கள். மேல்பகுதி நல்ல தோல் என்றால் எறியாதீர்கள், சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து ரப்பர் அடி போடுவிக்கலாம். இனி வாங்கும்போது நெடுநாள் வைத்துப் போட நினைப்பதற்கு ரப்பர் அல்லது தோல் அடி கேளுங்கள், ஒட்டியதைவிடத் தைத்தது நல்லது. ‘விசேஷத்துக்கு மட்டும்’ என்று பூட்டி வைப்பதை விட்டுவிட்டு அடிக்கடி போடுங்கள். சப்பாத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்ற முடியாது.

மாரியில் தோல் சப்பாத்தில் வெள்ளைப் பூஞ்சணம். உப்புக் கறையும் போகவில்லை.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள், மற்றச் சோடிகளுக்கும் பரவும். வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, வினாகிரியும் தண்ணீரும் கலந்து நனைத்த துணியால் இன்னொரு தரம் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். கடலுப்பின் வெள்ளைக் கோட்டுக்கும் அதே கலவைதான். நனைந்த தோலை வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும். உள்ளே பழைய பேப்பரை அடைத்து ஃபேன் காற்றில் வையுங்கள், பேப்பர் ஈரமானால் மாற்றுங்கள். காய்ந்த பிறகு பொலிஷ். புதுப்பையோடு வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் சப்பாத்துப் பெட்டிக்குள் போடுங்கள். மணலை உடனே தட்டிவிட வேண்டும், தையலுக்குள் நின்று அரத்தைப் போல நூலை அறுக்கும்.

வெல்வெட் போல மெத்தென்றிருக்கும் சுவேட் தோலை இந்த ஊர் மாரியில் வெளியே எடுக்காதீர்கள். அதற்கு மருந்து இல்லை.

கவரிங் நகை ஒரு விழாவோடு கறுக்கிறது.

மேலே மெல்லிய பூச்சு, உள்ளே பித்தளை. வேர்வையும் வாசனைத் தண்ணியும் அந்தப் பூச்சைத் தின்னும். பவுடர், சென்ற் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள், வந்ததும் முதலில் கழற்றித் துடையுங்கள். காது கடித்தால் அது நிக்கலாக இருக்கலாம், காதுக்காவது வெள்ளியோ தங்கமோ போடுங்கள்.

ஸ்கூட்டியில் போகிறேன். குதிச்செருப்போடு ஓடலாமா?

வேண்டாம். நிற்கும்போது நிலத்தில் ஊன்றுவது அந்தக் கால்தான். தட்டைச் செருப்போடு ஓடி, குதியைச் சீட்டுக்குக் கீழே துணிப்பையில் வைத்துக்கொண்டுபோய் மாற்றுங்கள். கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறவர்களுக்கும் இதே புத்தி: விடிய இறங்கும்போது கால் வீங்கியிருக்கும், இறுக்கமான சப்பாத்து ஏறாது.

ஒரு சோடி வாங்கத்தான் காசு இருக்கிறது. எதை வாங்குவது?

தேன்நிறம். கறுப்பு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் கறுப்பு நம் ஊர்த் தூசியில் பத்து நிமிடத்தில் சாம்பலாகும். தேன்நிறம் தூசியை மறைக்கும், பருத்திப் பஞ்சாபிக்கும் ஜீன்ஸுக்கும் கைத்தறிச் சாறிக்கும் போகும். ஒன்றரை அங்குலப் பிளொக் குதி, குதிகாலுக்குப் பின்னால் ஒற்றைப் பட்டி, அந்தப் பட்டியில் பக்கிளுக்குப் பதில் இழுபடும் இலாஸ்டிக், ரப்பர் அடி. கடையில் வாங்க முன் கடைக்குள் நடவுங்கள், சீமெந்து நிலத்தில், ஓட்டோவில் ஏறுவது போல ஒரு காலைத் தூக்கியும் பாருங்கள். குதி ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.